ஏரிக்கரையின் பாஸ்கா

உயிர்த்த ஞாயிறு நெருங்கும்போது சென்னை பேக்கரிகளில் சாக்லேட் முட்டைகள் வந்துவிடும். வாழ்த்து அட்டைகளில் முயலும் லில்லி மலரும் மஞ்சள் கோழிக்குஞ்சும் இருக்கும். எல்லாம் பனி உருகும் நாடுகளின் மகிழ்ச்சி. சென்னையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் இருக்கும் பழவேற்காட்டில், அதே நாட்களில் நடப்பது வேறு. வடகிழக்குப் பருவமழை நிரப்பிய ஏரி இறங்கத் தொடங்கியிருக்கும். நீரில் உப்பு ஏறும், முகத்துவாரத்தில் மணல் சேரும், பூநாரைகள் கிளம்பும். வெயில் காலத்தின் வாசல் அது. துளிர்க்கும் பருவம் என்று அதை யாரும் சொல்லமாட்டார்கள்.

அப்படியானால் இந்தக் கரையில் பாஸ்கா என்னும் உயிர்ப்புப் பெருவிழா எந்தப் பொருள்களைக் கொண்டு பேசுகிறது? சின்னம் என்பது கை பழகிய பொருளில்தான் உயிர் பெறும் என்பது என் கட்சி. பழவேற்காட்டை அந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

முட்டையைக் குறைத்துப் பேச மனம் வரவில்லை. பகல் குறுகும்போது கோழி முட்டையிடுவது குறையும். வட ஐரோப்பாவில் குளிர்காலப் பகல் எட்டு மணி நேரத்துக்கும் கீழே போய்விடும் என்பதால், வசந்தத்தில் கூடு மறுபடி நிறைவது கண்ணால் காணும் புதுவாழ்வு. அதோடு, பழைய தவக்கால ஒழுங்கில் முட்டையும் விலக்கு. நாற்பது நாள் சேர்ந்த முட்டைகளுக்குப் பாஸ்காதான் விடுதலை. கிரேக்க மரபினர் அவற்றைச் சிவப்புச் சாயத்தில் தோய்த்து ஒன்றோடொன்று மோதி உடைக்கிறார்கள். சிவப்பு இரத்தம், ஓடு கல்லறை, உடைவது உயிர்ப்பு. உக்ரைனில் தேன்மெழுகால் கோடிழுத்துச் சாயத்தில் தோய்த்து, மறுபடி மெழுகிட்டு மறுபடி தோய்த்து, கடைசியில் மெழுகை உருக்கித் துடைத்தால் கைக்குள் அடங்கும் ஓவியம் கிடைக்கிறது. அருமையான கலை. ஆனால் பழவேற்காட்டில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். இங்கே கோழி வசந்தத்துக்காகக் காத்திருப்பதில்லை. முட்டை இங்கே விருந்தாளி.

வீட்டுப் பிள்ளை என்றால் குருத்தோலை. பாஸ்காவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பவனியில் பிடித்து வரும் ஓலையில், ஈர்க்கை நீக்கிக் கீறிய இரண்டு பட்டைகள் போதும். ஒன்றை மடித்து நிமிர்த்தி, மற்றதைக் குறுக்கே சுற்றிச் செருகினால் சிலுவை. பசை வேண்டாம், ஊசி வேண்டாம். ஓலையை ஓலையே பிடித்துக்கொள்ளும். வெளிர்மஞ்சளாக இருந்தது வீட்டுச் சிலுவையின் பின்னால் ஓராண்டு உலர்ந்து வைக்கோல் நிறமாகும். அடுத்த சாம்பல் புதனுக்கு அதையே எரித்து நெற்றியில் பூசுவார்கள். ஆரவாரத்தின் ஓலை தவத்தின் சாம்பலாகும் இந்தச் சுற்று, திருச்சபை கண்ட சின்னங்களிலேயே மிகச் சிக்கனமானது, மிக அழகானது என்று நினைக்கிறேன். பழவேற்காட்டில் இதற்கு இன்னொரு ஒளியும் உண்டு. இங்குள்ள இஸ்லாமியப் பெண்கள் தலைமுறைகளாகப் பனையோலையில் பெட்டியும் கூடையும் தட்டும் முடைகிறார்கள். குருத்தை வெயிலில் காயவைத்து, சீராகக் கிழித்து, சாயமேற்றி, மூலை மடியும் இடத்தில் ஓர் இழைகூடப் பிசகாமல் முடைவார்கள். ஓலை எவ்வளவு வளையும், எங்கே முறியும் என்பது இந்த ஊருக்குத் தெரிந்த கல்வி. அப்படிப்பட்ட ஊரில் தேவாலயத்துக்குப் போகும் ஓலைச் சிலுவையும் தனித்து நிற்பதில்லை.

இனி கல்லுக்கு வருகிறேன். டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்கள் வாணிபத்துக்கு நெடுங்காலம் இதுவே தலைமையிடம். கோட்டை அழிந்துவிட்டது, கல்லறைத் தோட்டம் நிற்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் அதன் நுழைவாயிலில் இரண்டு எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றோடு மணற்கடிகை, மற்றதோடு மண்டையோடு. உன் மணல் இறங்கிக்கொண்டே இருக்கிறது என்று உள்ளே நுழைகிறவரிடம் சொல்லும் வேலை அவற்றுக்கு. 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியங்களில் நிறைந்திருந்த சாவு நினைவூட்டல் அப்படியே வெப்பக் கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்த டச்சுக்காரர்கள் சீர்திருத்தச் சபையினர். தொழுமிடத்துக்குள் உருவங்களையும் சுரூபங்களையும் விலக்கியவர்கள். உள்ளே இடமில்லாமல் போன சிற்ப ஆசை முழுவதும் கல்லறைக்குப் போய்விட்டதோ என்று அந்த வாயிலையும், குலச்சின்னங்களும் எழுத்துகளும் நெருங்கிய பலகைக்கற்களையும் பார்த்தால் தோன்றும். எழுத்தின் விளிம்பு பல கற்களில் இன்னும் கூர்மையாக இருக்கிறது. எனக்கு அந்த எலும்புக்கூடுகளில் பிடித்தது அவை நிற்பதுதான். எசேக்கியேல் இறைவாக்கினர் கண்ட காட்சியிலும் உலர்ந்த எலும்புகள் பள்ளத்தாக்கில் எழுந்து நிற்கின்றன. செதுக்கியவர் சாவை நினைத்துத்தான் செதுக்கியிருப்பார். ஆனாலும் பாஸ்கா வாரத்தில் அவற்றை வேறு மாதிரி வாசிக்க முடிகிறது.

மணற்கடிகைக்கு எதிரே வைக்கவேண்டியது பாஸ்காத் திரி. காலம்தான் இரண்டுக்கும் பொருள். பழவேற்காட்டின் கத்தோலிக்க வரலாறு போர்த்துகீசியர் காலத்தது; மகிமை மாதா ஆலயத்தின் தொடக்கத்தை 1515 என்று குறிப்பார்கள். சனி இரவு விழிப்பில் ஆலயம் இருட்டாக இருக்கும். வெளியே புதுத் தீ மூட்டுவார்கள். கடற்காற்று வீசும் ஊரில் தீ மூட்டுவதே ஒரு திறமை. குருவானவர் பெரிய மெழுகுதிரியில் சிலுவை கீறி, மேலும் கீழும் கிரேக்க அகரவரிசையின் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் பொறித்து, சிலுவையின் நான்கு மூலைகளில் அந்த ஆண்டின் நான்கு இலக்கங்களை எழுதுவார். ஐந்து காயங்களுக்காக ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதிப்பார். ஒவ்வொரு ஆண்டும் இலக்கம் மாறும், திரியும் புதிது. டச்சுக் கல்லில் காலம் இறங்கித் தீர்கிறது. மெழுகிலும் அது உருகத்தான் செய்கிறது, ஆனால் உருகிக்கொண்டே ஒளி தருகிறது. அந்தச் சுடரிலிருந்து கைக்குக் கை திரி ஏற்றும்போது முதல் சுடர் குறைவதில்லை என்று அன்றிரவின் புகழுரை பாடுகிறது. மெழுகு தந்த தேனீக்களையும் அது மறப்பதில்லை.

வியாழன் இரவிலிருந்து ஊமையாகி, மரக்கட்டைத் தட்டலுக்கு இடம்விட்டிருந்த மணிகள் ஒன்றாக அடிக்கும். பல ஊர்களில் திரை விலகி, வெற்றிக்கொடி ஏந்திய உயிர்த்த ஆண்டவர் சுரூபம் தெரியும். எனக்கு அதைவிட நுட்பமானது அடுத்து வருவது: எரியும் திரியைத் திருமுழுக்கு நீருக்குள் இறக்கும் தருணம். தீயும் நீரும் ஒன்றையொன்று அழிக்காமல் சந்திக்கின்றன. அதே திரி பெந்தகோஸ்து வரை பீடத்தருகே எரியும், பிறகு திருமுழுக்குகளிலும், அடக்கத் திருப்பலியில் சவப்பெட்டி அருகிலும் ஏற்றப்படும்.

இந்த இரவு நிலாவோடு கட்டப்பட்டது. வசந்தச் சமநாளை ஒட்டியோ அதன் பின்னோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்பது கணக்கு. ஆகவே மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் நகரும். நிலாவை வைத்து நீரின் ஏற்ற இறக்கம் பார்க்கிறவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பழவேற்காட்டுக்கே எழுதியதுபோல இருப்பது யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரம். இரவெல்லாம் வலை வீசியும் சீடர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. விடியலில் கரையில் நிற்கும் ஒருவர் படகின் வலப்பக்கம் போடச் சொல்கிறார். வலை நிறைகிறது. பேதுரு மேலாடையைச் சுற்றிக்கொண்டு தண்ணீரில் குதிக்கிறார். கரையில் கரித்தணல், அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். உயிர்த்தவர் சிம்மாசனம் கேட்கவில்லை. பட்டினியாக வந்த படகுக்காரர்களுக்குக் காலை உணவு சமைத்து வைத்திருக்கிறார். மீன் 153, வலை கிழியவில்லை. அந்த எண்ணுக்கு அறிஞர்கள் பல பொருள் தேடினார்கள். ஒன்றிலிருந்து பதினேழு வரை கூட்டினால் 153 என்று அகுஸ்தீனார் கணக்கிட்டார். எனக்கு எளிய பதிலே போதும். பங்கு பிரிக்க வேண்டியிருந்தது, எண்ணினார்கள். ஏரியில் இடத்தையும் நாளையும் முறைவைத்து 'பாடு' பிரித்து மீன்பிடிக்கும் கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மீனவர்களுக்கு அந்த எண்ணிக்கை புதிராக இருக்காது. வலை கிழியவில்லை என்று குறித்ததும் வலை பொத்தத் தெரிந்தவரின் கவனம்தான்.

பாஸ்காத் திரியில் கட்டாயமான குறிகள் போக மீதி இடம் ஓவியருக்கு உரியது. வழக்கமாக ஆட்டுக்குட்டியும் கோதுமைக் கதிரும் திராட்சையும் வரைகிறார்கள். பழவேற்காட்டுத் திரியில் ஏரியின் மடவை மீன் ஒன்றும், அதன் கீழே சிவந்த தணலும் வரையப்பட வேண்டும் என்பது என் ஆசை. வரைகிறவர் இந்தக் கரைக்காரராக இருந்தால் செதிலும் துடுப்பும் சரியாக வரும்.