ஒரு வரியின் பாரம்

திறனாய்வு என்பது நூல்களுக்கு மட்டுமே உரியதன்று. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்படும் விளக்கத்தாளும் ஆய்ந்து படிக்கத்தக்க எழுத்தே. அமெரிக்காவில் 1999-இல் ஒப்புதல் பெற்ற 'பிளான் பி' என்னும் அவசரக் கருத்தடை மாத்திரையின் தாளில், கருவுற்ற முட்டை கருப்பையில் பதிவதையும் இம்மருந்து தடுக்கக்கூடும் என்னும் பொருள்பட ஒரு வரி இருந்தது. 'கூடும்' என்பது ஐயத்தின் சொல். படித்தோர் பலர் அதை உறுதிமொழியாகவே கொண்டனர்.

கருவுற்ற கணம் முதலே மனித உயிரைப் போற்றும் திருச்சபைக்கு இந்த வேறுபாடு சிறிதன்று. கருவுறாமல் தடுப்பது வேறு. கருவுற்றதை அழிப்பது வேறு. 2012-ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனியின் கொலோன் நகரில், வன்புணர்ச்சிக்கு ஆளானதாக ஐயுறப்பட்ட இளம்பெண் ஒருவரைப் பரிசோதிக்க இரு கத்தோலிக்க மருத்துவமனைகள் மறுத்தன. பரிசோதனையோடு இம்மாத்திரை பற்றிய ஆலோசனையும் இணைந்திருந்ததே தடையாயிற்று.

உண்மையில் அம்மாத்திரை செய்வது என்ன? ஆணின் விந்தணு பெண்ணுடலில் ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். முட்டையோ வெளிப்பட்டபின் ஏறத்தாழ ஒரு நாளே வாழும். முட்டையை வெளியேறத் தூண்டும் இயக்குநீரின் எழுச்சியை, 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரெல் தள்ளிப்போடுகிறது. முட்டை வாராமையால் கருவுறுதல் நிகழ்வதில்லை. விரைந்து உட்கொள்ள வேண்டும் என்பதும் இதனாலேயே. முட்டை வெளிப்பட்டபின் உட்கொண்டோரிடம் இம்மருந்து பெரும்பாலும் பயனளிப்பதில்லை என ஆய்வுகள் கண்டன. பதிவதைத் தடுக்கும் ஆற்றல் இருந்திருப்பின், அங்கும் அது பலித்திருக்க வேண்டுமன்றோ? இச்சான்றுகளின் அடிப்படையில் 2022 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அவ்வரியை நீக்கியது. இம்முடிவைத் தாமிரக் கருத்தடைச் சாதனம் முதலிய பிற முறைகளுக்கு நீட்டலாகாது. ஐயம் தீராத கத்தோலிக்க அறநெறியாளரும் இன்னும் உளர்.

ஆயினும் ஜெர்மானிய ஆயர்கள் அத்தாள் திருத்தப்படும்வரை காத்திருக்கவில்லை. 2013 பிப்ரவரியில் ட்ரியர் நகரில் கூடி, கருவுறுதலைத் தடுக்கும் மருந்தை, வன்புணர்ச்சிக்கு ஆளான பெண்களுக்குக் கத்தோலிக்க மருத்துவமனைகள் வழங்கலாம் என்றும், கருவை அழிப்பதை வழங்கலாகாது என்றும் தெளிவுபடுத்தினர். 1968-ஆம் ஆண்டுத் திருமடல் மணவாழ்வின் அன்பைப் பற்றிப் போதித்தது அப்படியே நிற்கிறது. வன்முறையோ மணவாழ்வின் அன்பன்று.

நம் பங்குகளில் இம்மாத்திரையைப் பற்றிப் பேசுவோர், ஊகத்தை உண்மையென உரைப்பதற்குமுன் எட்டாம் கட்டளையை நினைத்துக்கொள்வது நன்று. உயிரின் காவலுக்காகப் பேசுகிறோம் என்பது பிழையாகப் பேசுவதற்கு உரிமை தாராது. ஒரு வரியைச் சரியாகப் படிக்காததன் பாரத்தைக் கொலோனில் ஓர் இளம்பெண் சுமந்தாள்.