கிளுவை வேலியோரம் நூறு கிலோமீட்டர்

சைக்கிளில் போக அழகான வழி எது என்று தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் விரல் மலைப் பக்கம்தான் நீளும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகள், மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி, அப்புறம் ஏலகிரி. மலையேற்றத்தை மட்டம் தட்டுவது என் நோக்கமில்லை. ஆனால் ஏறும்போது கவனமெல்லாம் மூச்சில் போய்விடும். இறங்கும்போது பிரேக்கில் போய்விடும். ஊரையும் மண்ணையும் பார்த்துக்கொண்டே மிதிக்க வேண்டுமென்றால் நிலம் கொஞ்சம் எழுந்து கொஞ்சம் தாழ்ந்து போக வேண்டும். அப்படியொரு நிலம் காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் நான்குக்கும் நடுவே கிடக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் வெறும் வறண்ட காடு என்று ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கிவிடும் பகுதி. சைக்கிளுக்கென்றே அமைந்த நிலம் தமிழ்நாட்டில் இதுதான் என்பது என் கட்சி.

இந்த மேடுபள்ளம் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் மிதிப்பது இன்னும் சுவைக்கும். கோயம்புத்தூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 410 மீட்டர். கிழக்கே சுமார் 130 கிலோமீட்டர் தள்ளியுள்ள கரூர் சுமார் 120 மீட்டர். அத்தனை தூரமும் நிலம் மெல்லச் சரிந்துகொண்டே போகிறது. வடக்கே நொய்யல், தெற்கே அமராவதி. இரண்டும் கிழக்கே ஓடிக் காவிரியில் சேர்பவை. நடுவில் உப்பாறு, வட்டமலைக்கரை ஓடை என்று சின்னச் சின்ன நீரோட்டங்கள் அமராவதியைத் தேடிப் போகின்றன. ஆகவே கிழக்கு மேற்காகப் போகும் சாலை பெரும்பாலும் மேட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு போய்விடும். தெற்கு வடக்காகப் போகும் சாலைதான் ஒவ்வொரு ஓடைக்கும் இறங்கி, மறுபடி ஏற வேண்டும். காங்கேயம்–தாராபுரம் சாலையும், மூலனூர்–வெள்ளகோவில் சாலையும் அப்படிப்பட்டவை. வரைபடத்தில் ஓடைகளைப் பார்த்து வழி போடத் தெரிந்துவிட்டால் பாதி ரசனை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு ஏற்றமென்பது ஒரு பனைமர உயரம், மிஞ்சினால் இரண்டு. நூறு மீட்டர் தூரத்துக்கு இரண்டு, மூன்று மீட்டர் உயரும் சரிவுகள்தான் அதிகம். எழுந்து நின்று மிதிக்கத் தேவையில்லை; ஆனால் சும்மாவும் இருக்க முடியாது. இறக்கத்தில் கிடைக்கும் வேகத்தை எதிர்மேட்டின் பாதிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வித்தை. கால் ஓய்வெடுக்கட்டும் என்று உருள விட்டால் ஓடையைத் தாண்டியதுமே வண்டி சோர்ந்துவிடும். கனமான கியரில் மிதித்துக்கொண்டே இறங்க வேண்டும். எதிர் ஏற்றத்தில் கால் கனக்கப் போகிறது என்று தெரிந்தவுடன், கனப்பதற்கு முன்பே, ஒவ்வொன்றாகக் கியரைக் குறைக்க வேண்டும். அப்படிச் செய்தால் கால் சுற்றும் தாளம் பிசகாமல் மேட்டைத் தொட்டுவிடலாம். கனத்த பிறகு மாற்றினால் செயின் கரகரவென்று முறையிடும். பள்ளத்தின் அடியில் பெரும்பாலும் ஒரு தரைப்பாலம் இருக்கும். மழைக்குப் பிறகு அதில் மணல் படிந்து கிடக்கும். அந்த இடத்தில் மட்டும் முன்கூட்டியே வேகத்தை அடக்கி, ஹேண்டிலைத் திருப்பாமல் நேராகக் கடந்துவிடுவது நல்லது.

இந்த ஏற்ற இறக்கம் கண்ணுக்கும் ஒரு வேலை கொடுக்கிறது. மேட்டில் நிற்கும்போது அடுத்த இரண்டு மூன்று மேடுகளும், அவற்றின் மேல் நூல் பிடித்ததுபோல் ஏறும் சாலையும், தூரத்தில் ஊதியூர் மலையும் தெரியும். பள்ளத்தில் இறங்கினால் அத்தனையும் மறைந்து இருபுறமும் வேலி, மேலே வானம். தூரப் பார்வையும் கிட்டப் பார்வையும் மாறி மாறி வருவதால் நூறு கிலோமீட்டர் போனாலும் அலுப்பதில்லை.

அந்த வேலியைப் பற்றிச் சொல்லாமல் இந்த வழியைப் பற்றிச் சொல்ல முடியாது. இது கொறங்காட்டு நாடு. மேய்ச்சலுக்கென்றே தலைமுறை தலைமுறையாக விட்டுவைத்த சொந்தப் புல்வெளிகள்தான் கொறங்காடு. தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி வேலி கட்டி, ஆடுமாடுகளை மாற்றி மாற்றி விடுவார்கள். ஒன்றில் மேயும்போது மற்றொன்று தழைக்கும். கோடையில் புல் தீய்ந்தாலும் வெள்வேலங்காய் உதிரும், அதுவே தீனி. மழை குறைந்த ஒரு பூமியில் பாசனமே இல்லாமல் கால்நடையைக் காப்பாற்றும் ஏற்பாடு இது.

ஒரு கடவில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வேலியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கிளுவைப் போத்துகளை நெருக்கி நெருக்கி நட்டிருப்பார்கள். அவை வேர்விட்டு, ஒன்றோடொன்று பின்னி, ஆட்டுக்குட்டி நுழைய முடியாத சுவராகிவிடும். கோடையில் இலை முழுதும் கொட்டிச் சாம்பல் பூத்த முட்குச்சிகளாக நிற்கும். நல்ல மழை விழுந்தால் சில நாளிலேயே சின்னச் சின்னப் பச்சை இலைகள் வேலி நெடுகத் துளிர்த்துவிடும். ஓர் இலையைக் கசக்கினால் பிசின் வாசம் அடிக்கும். காரில் உட்கார்ந்தவருக்கு இந்த வேலி கண்ணை மறைக்கும் தடுப்பு. அளவாக வெட்டிவிட்ட வேலியாக இருந்தால் சைக்கிள் சீட்டில் இருப்பவரின் கண் வேலிக்கு மேலே இருக்கும். உள்ளே நடப்பதெல்லாம் தெரியும்.

உள்ளே நிற்பது காங்கேயம் மாடு. கன்று செவலையாகப் பிறக்கும். ஆறு மாத வாக்கில் மயிலை நிறத்துக்கு மாறத் தொடங்கும். தாயோடு நிற்கும் கன்றுகளில் பாதி சிவப்பும் பாதி சாம்பலுமாக ஒன்றைப் பார்த்தால் அதன் வயதை ஓரளவு சொல்லிவிடலாம். காளைக்குத் தலை, கழுத்து, திமில், பின்தொடை எல்லாம் கருத்திருக்கும். இந்த இனத்தைப் பேணி வளர்த்ததில் பாளையக்கோட்டை பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரும் பங்குண்டு. சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தை கூடும்; அதற்கென்று தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

இவ்வளவும் கண்ணுக்கு. உடம்புக்கு இந்த வழியின் உண்மையான மலை காற்றுதான். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவத்தில் மலையாளக் கரைக்கு மழையைக் கொடுத்துவிட்டு, அந்த வாசல் வழியாகக் காற்று மட்டும் இந்தப் பக்கம் வருகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதற்கு இந்த ஊர்க்காரர்களிடம் விளக்கம் கேட்க வேண்டாம். குண்டடம், பூளவாடி பக்கமெல்லாம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதே போதும். அவற்றின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமிருந்து காற்று வருகிறது. வழிப்போக்கருக்கு இதைவிடப் பெரிய திசைகாட்டி கிடையாது. 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிரே அதே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால், காற்றில்லாத நாளைவிட நான்கு மடங்கு காற்றுத் தடையை மிதித்துத் தள்ள வேண்டியிருக்கும்.

காங்கேயத்தில் கிளம்பித் தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் வழியாகத் திரும்பி வரும் வட்டம் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். பலரும் போடுவது இந்தக் கணக்குதான். ஆனி, ஆடியில் இது தப்புக் கணக்கு. வெள்ளகோவிலிலிருந்து காங்கேயம் திரும்பும் கடைசிப் பகுதி நேர் மேற்கே போகும். வெயில் ஏறி, கால் தளர்ந்து, காற்று உச்சத்தில் இருக்கும் நேரம் அது. டீக்கடைப் பெஞ்சில் இருப்பவர் பார்த்தவுடன் கேட்பார்: “ஏனுங் தம்பி, இந்தக் காத்துக்கு எதுக்காலயா போறீங்க? ஆரம்பிக்கிற ஊர மாத்திக்கிட்டா சுளுவா இருக்குமில்லீங்?” அவர் சொல்வதுதான் சரி. அதே வட்டத்தை வெள்ளகோவிலில் தொடங்குங்கள். விடியற்காலையில், காற்று எழுவதற்கு முன்பே, மேற்கே காங்கேயம் வந்துவிடலாம். தாராபுரம் வரை தெற்கே போகும்போது காற்று பக்கவாட்டில் இடிக்கும். அமராவதியைப் பார்த்த பிறகு கிழக்கே திரும்பினால் மூலனூர் வரை அதே காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வரும். தொடங்கும் ஊரை மாற்றியதற்கே இவ்வளவு கூலி.

வழியில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு முகமுண்டு. காங்கேயத்தைச் சுற்றிலும் கொப்பரைக் களங்கள். உடைத்த தேங்காய் மூடிகள் வெள்ளை வெளேரென்று வெயிலில் காய, காற்றோடு எண்ணெய் வாசம் வரும். தாராபுரம் சாலையில், கொங்கணச் சித்தர் பெயர் சொல்லும் ஊதியூர் மலை ரொம்ப நேரம் கூடவே வரும். தாராபுரத்தில் இறங்கியதும் திடீரென்று நெல்வயலும் தென்னையும் ஈரக்காற்றும். இவ்வளவு நேரம் பார்த்த நிலமா இது என்று தோன்றும். மூலனூர்ப் பக்கம் முருங்கைக்காடு. வெள்ளகோவிலில் தறிச் சத்தம். வெள்ளகோவில்–காங்கேயம் தேசிய நெடுஞ்சாலையில் லாரி அதிகம். அது பிடிக்காதவர்கள் முத்தூர், நத்தக்காடையூர் வழியாகச் சுற்றி வரலாம். தூரம் கூடும், நிம்மதியும் கூடும்.

பங்குனி, சித்திரை வெயிலில் இந்த வட்டம் வேண்டாம். ஐப்பசி மழைக்குப் பிறகு மார்கழி வரை புல்லும் வேலியும் பச்சையாக இருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். கொஞ்சம் அகலமான டயர் நல்லது. சாலையோர மண்ணில் வண்டியை உருட்டினால் நெருஞ்சி முள்ளும் வேல முள்ளும் ட்யூபைப் பதம் பார்க்கும். ஒன்றுக்கு இரண்டாக மாற்று ட்யூப் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து நாய் துரத்தினால் போட்டிக்கு மிதிக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் அதுவே திரும்பிவிடும்.

கொறங்காடுகள் குறைந்துகொண்டு வருகின்றன. சில இடங்களில் கிளுவையைப் பிடுங்கிக் கம்பி வேலி போட்டாகிவிட்டது; சில இடங்களில் மனைக்கல் நட்டாகிவிட்டது. யார் நிலம் யார் விற்பது என்பதில் வழிப்போக்கருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தேடி வந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால், வேலியை வைத்திருப்பவருக்கு அதில் ஒரு பெருமை வரும். இந்த மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். விலையுயர்ந்த சைக்கிள் எதுவும் தேவையில்லை. நூறு கிலோமீட்டர் மலைப்பாக இருந்தால் காங்கேயத்திலிருந்து ஊதியூர் வரை போய்த் திரும்பினாலே போதும். மற்றதை அடுத்த வாரம் நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள்.