கேட்கப்படாத பிள்ளையும் ஆங்கில ஆசிரியப் பயிற்சியும்

ஆங்கிலம் சொல்லித்தர ஆசிரியர்களைத் தயாரிப்பது பற்றி ஒரு தலித் இதழில் எதற்கு எழுத வேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். அது கல்வித்துறை அதிகாரிகள், முறையியல் நிபுணர்களின் விவகாரம் என்றே ஒதுக்கப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் சேரிப் பிள்ளைக்கு ஆங்கிலம் வருமா வராதா என்பது, பாடப்புத்தகம் திறக்கப்படும் முன்பே ஆசிரியரின் மனசுக்குள் முடிவாகிவிடுகிறது. 'இதுகளுக்கு இங்கிலீஷ் வராது' என்கிற அந்த முடிவை எந்தப் பயிற்சியாவது தொட்டிருக்கிறதா? தமிழ்நாட்டில் நடந்த ஆங்கில ஆசிரியப் பயிற்சிகளை இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கிறேன்.

நான் திண்டுக்கல் மாவட்டம் சித்தையன்கோட்டைக்காரன். ஆசிரியப் பயிற்சி முடித்தவன். சாயங்காலம் எங்க காலனிப் பிள்ளைகளை உட்காரவைத்து ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்விட்டு வந்து பிள்ளையைக் கூப்பிட வந்த ஒரு அக்கா ஒருநாள் சொன்னார்: "ஏந்தம்பி, எம் பிள்ளைய எந்திரிச்சு நில்லுன்னுகூட அந்த வகுப்புல யாரும் சொல்றதில்லையாம். பெறகு எங்கிட்டுத் தம்பி பேச்சு வரும்?" மொழிக்கல்வி பற்றி நான் படித்த புத்தகங்கள் பலவற்றில் இல்லாத கேள்வி இது. பேசக் கற்க வேண்டுமானால் யாராவது நம்மிடம் பேச வேண்டும். நம்மைப் பார்த்துக் கேட்க வேண்டும். நாம் சொல்வதற்குக் காத்திருக்க வேண்டும். சாதி செய்கிற முதல் வேலையே இந்தப் பேச்சை மறிப்பதுதான்.

முதலில், ஆங்கிலமே வேண்டாம் என்ற பயிற்சி. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்து, ஜாகிர் உசேன் குழு வகுத்த ஆதாரக் கல்வித் திட்டத்தில் ஏழாண்டுப் படிப்பும் தாய்மொழியில், நடுவில் ஒரு கைத்தொழில், ஆங்கிலத்துக்கு இடமில்லை. அந்தக் கல்விக்கான ஆசிரியர்கள் தக்ளியும் ராட்டையும் பழகினார்கள். எங்க ஊருக்கு வெகுதூரமில்லாத காந்திகிராமமும் 1947இல் அந்தக் கனவில் தொடங்கப்பட்டதுதான். தாய்மொழிவழிக் கல்வியில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நகரத்து மேல்சாதிப் பிள்ளை ஆங்கிலப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் கிராமத்துப் பிள்ளைக்கு மட்டும் கைத்தொழில் என்றால், அது யாருடைய கை, யாருடைய தொழில்? இந்தக் கேள்வியை 1953இல் ராஜாஜியின் திட்டம் பட்டவர்த்தனமாக்கியது. பாதிநாள் பள்ளி, மீதிநாள் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெயர்பெற்ற அது 1954இல் காமராசர் ஆட்சியில் கைவிடப்பட்டது. திட்டம் போனது. எந்தப் பிள்ளைக்கு எது போதும் என்கிற கணக்கு போகவில்லை.

அடுத்து வந்தது பெரும் எண்ணிக்கையிலான ஆங்கிலப் பயிற்சி. 1958இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டுகளில் சென்னை மாநிலத்தில் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு ஒரு மறுபயிற்சி இயக்கம் நடந்தது. ஆரம்பநிலை ஆங்கிலம் சொல்லித்தரும் 27,000 ஆசிரியர்களுக்குப் புதிய முறையைக் கற்பிப்பது இலக்கு. இதைப் பற்றி டி.ஏ. ஸ்மித் 1962இல் எழுதிய கட்டுரை அதற்கு 'மெட்ராஸ் பனிப்பந்து' என்று பேர் வைத்தது. முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் பலருக்கு, அந்தப் பலர் இன்னும் பலருக்கு. பனியில் உருட்டிய பந்து உருள உருளப் பெருக்கும் அல்லவா, அந்தக் கணக்கு. திண்டுக்கல் வெயிலில் நிற்கும் நமக்கு ஐஸ் உருகுவதுதான் தெரியும். கைமாறக் கைமாற உருகும். அடுக்கடுக்கான பயிற்சி இப்படித்தான் கரைகிறது என்று மொழிக்கல்வி ஆய்வாளர்களே பிறகு நிறைய எழுதியிருக்கிறார்கள். இருந்தும் இன்றைக்கும் அதே வடிவம்தான். சென்னையில் கற்றவர் மாவட்டத்துக்கு, மாவட்டத்தில் கற்றவர் வட்டார வள மையத்துக்கு, அங்கே கற்றவர் வகுப்பறைக்கு.

ஆனால் எது கரைந்தது என்பதைவிட, எது முதலிலேயே பந்துக்குள் இல்லை என்பதுதான் என் கேள்வி. அந்தப் பயிற்சியின் முறை இது: வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்து, முதலில் வாய்மொழியாகச் சொல், கண்முன் ஒரு சூழலை உண்டாக்கிக் காட்டு. ஆசிரியர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி 'திஸ் இஸ் எ புக்' என்பார். வகுப்பு முழுக்கத் திருப்பிச் சொல்லும். பிறகு ஒவ்வொருவராக. கோரஸ் சத்தத்தில் யார் வாயசைத்தார், யார் சும்மா இருந்தார் என்று தெரியாது. 'ஒவ்வொருவராக' என்று வரும்போது ஆசிரியரின் விரல் யாரை நோக்கி நீளும்? கடைசி வரிசை வரைக்கும் போகுமா? புத்தகத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து வாங்க வேண்டிய பயிற்சியில், கை படுவதை யார் தவிர்ப்பார்? வாய்மொழிப் பயிற்சியை மையமாக வைத்த ஒரு முறை, சாதிக் கிராமத்தில் யார் யாரோடு வாய்விட்டுப் பேசுவார் என்று யோசிக்காமல் எப்படி நடக்கும்? முறை அந்நியமானது என்று இதைச் சொல்லவில்லை. நம் மண்ணின் ஆசிரியர்களை, நம் மண்ணின் சாதியைப் பார்க்காமலேயே பயிற்றுவித்தார்கள் என்கிறேன்.

மூன்றாவது, நம் தமிழ்நாட்டிலிருந்தே உலகத்துக்குப் போன ஒரு சிந்தனை. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு, வாக்கிய அமைப்புகளை உருப்போடுவதால் மொழி வராது என்று கண்டு, 1979 முதல் 1984 வரை ஒரு சோதனையை நடத்தினார். பெங்களூர்த் திட்டம் என்று அது அறியப்பட்டாலும் சென்னை, கடலூர்ப் பள்ளிகளிலும் நடந்தது. ரயில் நேர அட்டவணை, வரைபடம் என்று எதையாவது கொடுத்து, பிள்ளைகள் யோசித்து விடை காண வேண்டும்; கவனம் பொருளில் இருக்கும்போது இலக்கணம் தானாக உள்ளே படியும். 1987இல் அவர் புத்தகம் வந்தது. அதை நான் மரியாதையோடுதான் வாசிக்கிறேன். நம் பிள்ளைக்கு யோசிக்கத் தெரியும் என்று தொடங்குகிற முறை அது. 'வராது' என்று தொடங்கவில்லை.

ஆனாலும் ஒரு இடம் உறுத்துகிறது. பிள்ளைகள் தங்களுக்குள் குழுவாகப் பேசுவதைப் பிரபு ஊக்குவிக்கவில்லை. குறைபட்ட மொழியைக் கேட்டுக் கேட்டு அந்தக் குறையே நிலைத்துவிடும் என்பது அவர் காரணம். மொழியியல் காரணம்தான், வேறு நோக்கம் கற்பிக்க நான் தயாரில்லை. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். எல்லாப் பேச்சும் ஆசிரியர் வழியாகவே ஓட வேண்டும். ஆசிரியர் திரும்பிப் பார்க்காத பிள்ளைக்கு வேறு வாய்க்கால் கிடையாது. பாடம் எடுத்தவர்களில் பலர் சாதாரணப் பள்ளி ஆசிரியரைவிடக் கூடுதல் தகுதி பெற்றவர்கள் என்பதால் இந்தச் சிக்கல் அங்கே பெரிதாகத் தெரியாமல் போயிருக்கலாம். எங்க ஊர்ப்பக்கத்து வகுப்பில் தெரியும்.

அதே பிரபு 1990இல் எழுதிய கட்டுரையில் முக்கியமான ஒன்றைச் சொன்னார்: சிறந்த முறை என்று தனியே ஒன்று கிடையாது, எப்படிச் சொன்னால் பிள்ளைக்கு ஏறும் என்று ஆசிரியருக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது, அது உயிரோடு இருந்தால்தான் கற்பித்தல் நடக்கும். சரிதான். ஆனால் அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? ஆசிரியரின் வீடு, தெரு, கோயில், கல்யாணப் பந்தி எல்லாம் சேர்ந்து ஊட்டியது அது. 'இந்தப் பிள்ளைக்கு இது ஏறும்' என்பது நம்பிக்கை என்றால், 'அந்தத் தெருப் பிள்ளைக்கு ஏறாது' என்பதும் அதே இடத்தில் முளைத்த நம்பிக்கைதான். பிரபு நிறுத்திய இடத்திலிருந்து ஒரு தலித் வாசகன் தொடங்க வேண்டியிருக்கிறது.

இனி உரிமத்துக்கு வருவோம். 2009இன் கல்வி உரிமைச் சட்டத்தையொட்டி ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயமானது. தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வில் தேறியவர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. 150 மதிப்பெண்ணுக்கு எல்லோரும் 90 எடுக்க வேண்டும் என்றிருந்தது. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு தரலாம் என்று விதி இருந்தும், 2014 பிப்ரவரியில்தான் அது 60 விழுக்காட்டிலிருந்து 55 ஆனது. உடனே 'தகுதி போச்சு' என்று கூப்பாடு. எந்தத் தகுதி? முதல் தாளில் ஆங்கிலத்துக்கு 30 கேள்விகள். சரியான விடையைக் குறித்தால் போதும். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேச வேண்டாம். ஒரு பிள்ளையோடு ஐந்து நிமிஷம் பேசிக்காட்ட வேண்டாம். இந்தத் தேர்வில் ஏழெட்டு மதிப்பெண் குறைந்த தலித் இளைஞனுக்குத் தகுதியில்லை. கடைசி வரிசையை வருஷம் முழுக்கத் திரும்பிப் பார்க்காதவருக்குத் தகுதி உண்டு.

பயிற்சிக்கு வருகிற நம் பிள்ளைகளின் நிலையையும் பேச வேண்டும். தமிழ்வழியில் படித்து, வீட்டில் முதல்முறையாகப் பன்னிரண்டாம் வகுப்பு தாண்டி வந்தவர்களுக்கு, ஆங்கிலத்தைக் கொடுக்காமலேயே ஆங்கிலம் கற்பிக்கும் முறையைக் கொடுக்கிறார்கள். நான் படித்த பயிற்சி நிறுவனத்தில் இரண்டு வருஷத்தில் எத்தனையோ சார்ட்டும் ஃபிளாஷ் கார்டும் செய்தோம். ஆங்கிலத்தில் எங்களோடு உட்கார்ந்து பேசியவர் ஒருவரும் இல்லை. 2012-13இலிருந்து அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகியபோதும், தமிழ்வழியில் படித்துவந்த இதே ஆசிரியர்கள்தான் பெரும்பாலும் எடுத்தார்கள். பேசப்படாதவர் எப்படிப் பேசவைப்பார்?

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். 2007-08இல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலில் ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பிள்ளைகளோடு பாயில் உட்கார வேண்டியிருந்தது. முறையியல்காரர்களுக்கு அது உட்காரும் ஏற்பாடு. நமக்கு அது அரசியல். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரிக்கிறார்கள். அரும்பு வரிசையில் யார் பிள்ளை உட்காருகிறது, எத்தனை மாசம் அங்கேயே இருக்கிறது என்று பார்க்க ஆளில்லாவிட்டால் அந்த வரிசை சேரியாகிவிடும்.

உத்தரப் பிரதேசத்தின் பாங்கா கிராமத்தில் 2010இல் தலித்துகள் ஆங்கிலத் தாய்க்குக் கோயில் கட்ட முனைந்தார்கள். அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. தமிழில் எங்க அப்பனை 'டேய்' என்று கூப்பிடும் சின்னப் பையனும், அவனை 'சாமி' என்று கூப்பிட்ட எங்க அப்பனும், ஆங்கிலத்தில் ஒருவரை ஒருவர் 'யூ' என்றுதான் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த 'யூ'வை ஆசிரியர் முதலில் நம் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமே.

அதனால் கேட்கிறேன். ஆங்கில ஆசிரியப் பயிற்சியில் முறைகளுக்கு முன்னால் சாதி பாடமாக இருக்கட்டும். பயிற்சி பெறுபவர்களோடு முதலில் ஒரு வருஷம் ஆங்கிலத்தில் பேசுங்கள். மாதிரி வகுப்பைப் பார்க்க வரும் கருத்தாளர், பாடக்குறிப்பையும் உபகரணத்தையும் பார்ப்பதோடு, எந்தப் பிள்ளையிடம் எத்தனை முறை கேள்வி கேட்கப்பட்டது, பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்பதையும் குறிக்கட்டும். அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வருஷம் கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிகளுக்குப் போகிற மாணவத் தோழர்கள் ஒரு தாளில் வகுப்பின் இருக்கைகளை வரைந்துகொள்ளுங்கள். ஆசிரியர் பேரைச் சொல்லிக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அந்த இருக்கையில் ஒரு கோடு போடுங்கள். நாற்பது நிமிஷம் முடிந்ததும் கோடே விழாத இருக்கைகள் எவை, அந்தப் பிள்ளைகள் எந்தத் தெரு என்று எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள். பள்ளியின் பேரோ ஆசிரியரின் பேரோ வேண்டாம், தாள் போதும்.