முப்பது ஆண்டு அவகாசம்

1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய போதகர்கள் சபைகளின் ஒற்றுமையை வேண்டி அறிக்கை விடுத்ததற்கும், 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தோன்றியதற்கும் இடையே 28 ஆண்டுப் பேச்சுவார்த்தை உண்டு. அமைப்பு மாற்றத்தைத் திட்டமிடும் கலைக்கு அதில் உருவான ஒன்றிப்புத் திட்டத்தைப் போன்ற நுட்பமான சான்று அரிது.

சிக்கலின் முடிச்சு குருப்பட்டத்தில், அதாவது ஒருவரைத் திருப்பணிக்கென அருட்பொழிவு செய்யும் சடங்கில் இருந்தது. ஆங்கிலிக்கன் மரபு, பல சபைகள் அடங்கிய திருமண்டலத்தின் தலைவரான பேராயரின் கைகளால் அது வழங்கப்படவேண்டும் என்றது. மெதடிஸ்டுகளும், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் 1908இல் அமைத்த தென்னிந்திய ஐக்கிய சபையினரும் பேராயர் இல்லாமலே குருமாரை உருவாக்கி வந்தவர்கள். அவர்களை மீண்டும் பட்டம் பெறச் சொல்வது, அதுவரை ஆற்றிய ஊழியத்தையே மறுப்பதாக முடிந்திருக்கும்.

ஆகவே இருக்கும் குருமார் அனைவரும் அவ்வாறே ஏற்கப்படுவர், புதிய பட்டங்களைப் பேராயர்களே வழங்குவர், இவ்விதிக்கான விதிவிலக்குகளைப் பற்றி 30 ஆண்டுகளுக்குப் பின் திருச்சபையே தீர்மானிக்கும் என்று வகுத்ததோடு, மனச்சான்று ஒப்பாத ஊழியரையோ வழிபாட்டு முறையையோ எச்சபையின் மீதும் திணிப்பதில்லை என்றும் உறுதியளித்தனர். அவசரக்காரர் இதைத் தள்ளிப்போடல் என்பர். காலத்தையே கருவியாக்கிய துணிவு என்பதே பொருந்தும். எனினும் திட்டம் எல்லோரையும் அணைத்துவிடவில்லை: நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன் சபையினர் பலர் இணைய மறுத்து வெளியே நின்றனர். ஒன்றிப்பு முயற்சியின் முன்னோடியான பேராயர் வே. சா. அசரியாவோ அதன் நிறைவைக் காணாமல் 1945 ஜனவரியிலேயே காலமானார்.