பாதி விலைக் கணக்கும் பழைய மடிக்கணினியும்

மடிக்கணினி தளர்ந்ததும் பலரும் போடும் கணக்கு எளிமையானது: சீர்செய்யும் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் புதியதை வாங்குவது, தாண்டாவிட்டால் பழையதையே வைத்துக்கொள்வது. மலாக்காவில் புக்கிட் காத்தில், ஆயர் கெரோ வட்டாரக் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு இப்போது அவசரமாகிவிட்டது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, பாடங்கள் இல்லிருப்புக் கற்றலுக்கு மாறிய காலத்தில் பிள்ளைகளுக்கென வாங்கிய கணினிகள் பலவும் ஐந்து வயதை எட்டிவிட்டன.

பாதி விலைக் கணக்கில் ஒரு நன்மை உண்டு. இன்று திரை, அடுத்த மாதம் விசைப்பலகை என்று சிறுகச் சிறுகப் பணம் கரைவதற்கு அது ஒரு வரம்பு கட்டுகிறது. ஆனால் அது பணத்தை மட்டும் அளக்கிறது. அந்தப் பணம் எத்தனை ஆண்டு உழைப்பை வாங்கித் தரும் என்று கேட்பதில்லை. புதியது 2,400 வெள்ளி, ஆறு ஆண்டு உழைக்கும். பழையதற்கு 1,000 வெள்ளி செலவு, இரண்டு ஆண்டு தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். பாதி விலைக் கணக்கு பழையதைத்தான் பரிந்துரைக்கும். ஆண்டுக் கணக்கிலோ பழையதற்கு 500 வெள்ளி, புதியதற்கு 400 வெள்ளி. அதே பழையதற்கு 300 வெள்ளியே போதுமென்றால் ஆண்டுக்கு 150 வெள்ளிதான். அப்போது புதியதை வாங்குவது வீண் செலவு.

ஆகவே முதலில் அறிய வேண்டியது கணினி ஏன் மெதுவாகிறது என்பதே. சுழலும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு ஏறத்தாழ 100 மெகாபைட் படிக்கும். அதன் இடத்தில் பொருத்தும் சாட்டா எஸ்எஸ்டி 500-ஐத் தாண்டும். பல நிமிடம் எடுத்துத் திறந்த கணினி ஒரு நிமிடத்துக்குள் திறப்பது இதனால்தான். 4 ஜிபி ரேம் இன்றைய உலாவிக்கே திணறும். 8 ஜிபி ஆக்கினால் மாணவர் வேலைக்குப் போதும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த மலாக்காவில் விசிறியில் தூசு படிந்து, செயலிமேல் பூசிய வெப்பப் பசை காய்ந்து, செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதும் உண்டு. அதை முதுமை என்று எண்ணிக் கணினியைக் கைவிடுவது தவறு; துப்புரவு செய்து பசையை மாற்றினாலே வேகம் பெரும்பாலும் திரும்பிவிடும். மின்கலம் உப்பியிருந்தால் மட்டும் கணக்குப் பார்க்க இடமில்லை. உடனே பயன்பாட்டை நிறுத்த வேண்டும்.

மேம்படுத்துவதை ஆதரிப்போர் கவனிக்கத் தவறும் முரண் ஒன்று இருக்கிறது. 2016-இல் வந்த திங்க்பேட் டி460 போன்ற அலுவலகக் கணினியில் ரேமையும் வட்டையும் திருகாணி கழற்றி மாற்றலாம்; ஆனால் அதன் ஆறாம் தலைமுறை இன்டெல் செயலியை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. இல்லிருப்புக் கற்றல் காலத்தில் மலிவாக விற்ற செலரான் என்4020 வகைக் கணினிகளை விண்டோஸ் 11 ஏற்கிறது. அவற்றில் பலவற்றிலோ 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பும் பலகையோடு பற்றவைக்கப்பட்டவை. ஒன்றில் பாகம் மாற்றலாம், மென்பொருள் ஆதரவு இல்லை. மற்றதில் ஆதரவு உண்டு, பாகம் மாற்ற வழியில்லை. வாங்கிய ஆண்டை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர் இரண்டிலும் ஏமாறுவார்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. தனிப் பயனர்களுக்கான நீட்டித்த பாதுகாப்புத் திட்டமும் ஓராண்டுக்கே அறிவிக்கப்பட்டது. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியை இதற்கப்பால் அதே நிலையில் ஓட்டுவது ஆபத்து. லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் நல்ல மாற்று: கல்வி அமைச்சின் டெலிமா தளம் உலாவியிலேயே இயங்குவதால் பள்ளி மாணவருக்கு அது போதும். மல்டிமீடியா பல்கலைக்கழகத்திலோ மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ பொறியியல் படிப்பவர் நிலை வேறு. சாலிட்வொர்க்ஸ் போன்ற மென்பொருளுக்கு விண்டோஸும் வலுவான செயலியும் வேண்டும். அவருக்குப் பழையதில் செலவழிப்பது வீண்.

சந்தையும் அரசும் தராசை அசைக்கின்றன. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. மலாக்காவை அடுத்த மூவாரில் ஆலை நடத்தும், ரேமும் எஸ்எஸ்டியும் தயாரிக்கும் மைக்ரான் நிறுவனமே கிரூசியல் என்ற தன் நுகர்வோர் வணிகத்திலிருந்து விலகுவதாக டிசம்பரில் அறிவித்தது. ஆகவே கடையில் எஸ்எஸ்டி, ரேம் இரண்டின் அன்றைய விலையையும் கேட்காமல் பழைய மதிப்பீட்டை நம்பக் கூடாது. ஆண்டுக்கு 2,500 வெள்ளி வரையிலான வாழ்க்கைமுறை வரிவிலக்கில் கணினி வாங்கும் செலவு அடங்கும். வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாத தோட்டத்துக் குடும்பத்துக்கு அதனால் ஒரு சென்னும் மிச்சமில்லை. பழுதுபார்ப்பு அங்கேதான் அதிகம் தேவைப்படுகிறது. இந்த வரிவிலக்கு ஏற்பாடு திருத்தப்பட வேண்டும்.

மடிக்கணினி தன் ஆயுளில் உண்டாக்கும் கரியமில வாயுவில் பெரும்பங்கு தயாரிப்பின்போதே வெளியாகிவிடுகிறது. 2022-இல் உலகம் கழித்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாக மறுசுழற்சியானது 22.3 விழுக்காடு மட்டுமே. கணினியைக் கூடுதலாக இரண்டு ஆண்டு ஓட்டுவதற்கு இது வலுவான நியாயம். ஆதரவற்ற மென்பொருளோடு ஓட்டுவதற்கு அல்ல. மாற்றுவதென முடிவானால், கழற்ற முடிந்த பழைய வட்டை யூஎஸ்பி உறையிலிட்டுக் காப்புப்படிக்கு வைத்துக்கொள்ளலாம். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு அட்டவணையிட்ட கழிவு விதிகளில் மின்னணுக் கழிவுக்கு எஸ்டபிள்யூ 110 என்ற குறியீடே உண்டு. எஞ்சிய உடலையும் மின்கலத்தையும் வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் மின்னணுக் கழிவு சேகரிப்பு இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.