சிந்தாமணியை வாசித்தவர்கள்: 'என் சரித்திரம்' குறித்து ஒரு மறுவாசிப்பு

1880 அக்டோபர் 21 அன்று கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரை உ.வே. சாமிநாதையர் சந்தித்த நிகழ்வு, தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் தொடக்கக் காட்சியாகவே ஆய்வுலகில் நிலைபெற்றுவிட்டது. தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ் நூல்களையும் கோவைகளையும் ஐயர் அடுக்கிச் சொல்ல, முதலியார் அவற்றைப் பொருட்படுத்தாமல் சீவகசிந்தாமணியைப் பற்றி வினவுகிறார். மறைந்துகிடந்த பழைய நூல்கள் மீண்ட கதையாகவே இதனைப் படிப்பது வழக்கம்.

ஆயின் 'என் சரித்திரம்' தரும் வேறொரு செய்தி இக்கருத்திற்கு இடந்தரவில்லை. காப்பியத்தின் சமயக் குறிப்புகள் விளங்காமல் ஐயர் இடர்ப்பட்டபோது அவருக்கு வழிகாட்டியவர்கள் கும்பகோணத்துச் சைனர்கள். அவர்தம் இல்லத்தில் சிந்தாமணி முறையாக வாசித்து நிறைவுசெய்யப்பெறும் நூலாக, சமய ஒழுக்கத்தின் ஒரு கூறாக இருந்தது. புலவர் பலர் மறந்திருந்த நூலை ஒரு சமூகத்தின் வாசிப்பு காத்துவந்துள்ளது. நம் வகுப்பறைகளில் இவ்வாசகர்கள் பேசப்படுவது அரிது.

மற்றொன்றும் கருதத்தக்கது. முதலியார் மதிக்காத அச்சிற்றிலக்கியப் பயிற்சியின் வழியேதான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஐயர் யாப்பறிவும் சொல்வளமும் பெற்றார். சிதைந்த ஏட்டில் சீர் பிறழ்ந்த இடத்தை அப்பழகிய செவியே உணர்ந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆகவே 1887ஆம் ஆண்டுப் பதிப்பைச் சிற்றிலக்கிய வாசிப்பிற்கு எதிராக நிறுத்துவது பொருந்தாது.

'கண்டெடுத்தல்' என்பதினும் 'கைமாறுதல்' என்பதே இங்கு நடந்ததற்கு அணுக்கமான சொல்: நூல் சைன இல்லத்திலிருந்து புலவரிடமும், அச்சின் வழியே கல்லூரி மாணவரிடமும் சென்றது.