எறிந்த கல்லின் கணக்கு

சாய்வாக எறியப்பட்ட ஒரு கல் எங்கே போய் விழும் என்பதைக் காகிதமும் பென்சிலும் கொண்டு கண்டறிவதில் இருக்கும் ஆனந்தத்தை, பரீட்சைப் பயத்தோடு மட்டுமே அக்கணக்கைச் சந்தித்தவர்கள் அறிய மாட்டார்கள். தரைக்கு ஒரு கோடிட்டு, அதன்மேல் கை நடுங்காமல் எழுந்து வளைந்து இறங்கும் பரவளையம் ஒன்றை வரைந்து, தொடக்கத்தில் ஓர் அம்புக்குறி இடும்போது, பென்சில் முனை உரசும் மெல்லொலியிலேயே மனம் பாதி நிதானப்பட்டுவிடுகிறது. பின்பு அந்த அம்பைக் கிடையாகவும் செங்குத்தாகவும் பிரிக்கிறோமே, அதுதான் இக்கலையின் சூட்சுமம். ஒரே வீட்டில் இருந்தும் ஒருவர் காரியத்தில் மற்றவர் தலையிடாத சகோதரர்களைப் போல, கிடைவேகம் ஈர்ப்பைப் பற்றிய கவலையின்றி மாறாது செல்ல, செங்குத்து வேகம் மட்டும் கணந்தோறும் தேய்ந்து, உச்சியில் சூனியமாகி, மறுபடி கீழ்நோக்கி வளர்கிறது. இரண்டுக்கும் பொதுவானது காலம் ஒன்றே.

விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில், 30 பாகைச் சாய்வில் எறிந்ததாகக் கொள்ளுங்கள். (காற்றின் தடையை மறந்துவிட வேண்டும், புத்தகத்துக் கற்களுக்கு அந்தச் சலுகை உண்டு.) ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்தால், செங்குத்துக் கூறும் 10, ஏற ஒரு விநாடி, இறங்க ஒரு விநாடி, கிடைக்கூறு ஏறக்குறைய 17.3, ஆகவே கல் விழுவது சுமார் 34.6 மீட்டரில். சாய்வை 60 பாகையாக்கி, அதே பொறுமையோடு மறுபடி போட்டுப் பார்த்தால், மும்மடங்கு உயரம் ஏறி, அதிக நேரம் ஆகாயத்தில் தங்கிய அந்தக் கல்லும் அதே 34.6 மீட்டரிலேயே வந்து விழுகிறது! சூத்திரத்தை மனப்பாடம் செய்து எண்களை இட்டு நிரப்புவதைவிட, வரிவரியாக எழுதிப் போடும் இந்த வழியே மேல் என்பது என் துணிபு.